உடனிருப்போரின் கணக்கு

ரத்தப் புற்றுநோய் மற்றப் புற்றுநோய்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. மார்பிலோ குடலிலோ தோன்றும் கட்டியை அறுவை மருத்துவர் அகற்றிவிட முடியும். எலும்பு மஜ்ஜையில் தொடங்கி ரத்தத்தோடு உடலெங்கும் ஓடும் நோயைக் கத்தியால் வெட்டி எடுக்க இயலாது. மருந்தும் காலமும்தான் அதற்குச் சிகிச்சை. குழந்தைகளை அதிகம் தாக்கும் 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா'வுக்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. 'குரோனிக் மைலாய்டு லுக்கேமியா' உள்ளவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். முதுமையில் வரும் 'மல்டிபிள் மைலோமா' தணிவதும் திரும்புவதுமாகத் தொடர்கிறது.

இத்தனை காலமும் நோயாளியுடன் இருப்பவர் யார்? அதற்காக அவர் எதை இழக்கிறார்? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

மருந்தின் விலை குறித்து நம் நாட்டில் பெரும் விவாதம் நடந்தது. நல்ல பலனும் கிடைத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று, இமாடினிப் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையை உச்சநீதிமன்றம் மறுத்தது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட அந்த மாத்திரையை, உள்நாட்டு நிறுவனங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் தொடர்ந்து விற்க அத்தீர்ப்பு வழிவகுத்தது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியால் அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம் முதல் இன்றைய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வரை, ஏழைகளுக்கும் சிகிச்சை எட்டும் நிலை தமிழகத்தில் உருவாகியிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை ஒரு குடும்பத்தின் செலவை ஏற்கிறது.

இவற்றையெல்லாம் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், படுக்கைக்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் விலைச்சீட்டு உண்டு. அதனால் அவை கணக்கில் ஏறுகின்றன. உடனிருப்பவரின் நேரத்துக்கு விலைச்சீட்டு இல்லை. அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஜவுளிக் கடைக் கணக்கராக இருக்கிறார். ஏழு வயது மகனுக்கு லுக்கேமியா. சிகிச்சை சென்னையில். தொழில் பழக்கத்தால் ஒவ்வொரு செலவையும் அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். மருந்துச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டதால் அந்தப் பத்தி ஏறக்குறைய காலியாகவே இருந்தது. நிரம்பியிருந்தவை மற்றவை: பேருந்துக் கட்டணம், அறை வாடகை, ஓட்டல் சாப்பாடு, சம்பளப் பிடித்தம். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். மகனுடன் எட்டு மாதங்கள் சென்னையில் தங்கிய அவர் மனைவி, ஊரில் நடத்திவந்த தையல் வேலையை நிறுத்திவிட்டார். அந்த வருமான இழப்புக்கு நோட்டில் பத்தியே இல்லை. கேட்டபோது, "அது அவ வீட்டு வேலை மாதிரிதானே சார்" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அரசுகளே அப்படித்தான் நினைத்திருக்கின்றன. பிரிட்டனில் நோயுற்றோரைப் பராமரிக்க வேலையைத் துறப்பவர்களுக்கு 1976-இல் உதவித்தொகை கொண்டுவந்தபோது, திருமணமான பெண்களை விலக்கி வைத்தார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தானே என்பது காரணம்! தாயைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில், 1986-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்தப் பாகுபாடு நீங்கியது. நம் நாட்டில் 2019-இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, குடும்பத்தினரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இது சாதாரண நாள்களின் சராசரி. வீட்டில் லுக்கேமியா நோயாளி இருந்தால் நிமிடக் கணக்கு செல்லாது.

ரத்தத் தட்டணுக்களையே எடுத்துக்கொள்வோம். தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஐந்து நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. எனவே, முன்கூட்டியே திரட்டி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எண்ணிக்கை குறையும்போதெல்லாம் யாராவது ஓட வேண்டும். நண்பர்களை, உறவினர்களை, முன்பின் தெரியாத கல்லூரி மாணவர்களைக் கெஞ்ச வேண்டும். மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றால் சுமை வேறு வடிவம் கொள்கிறது. உடன்பிறந்தவர் ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 விழுக்காடு மட்டுமே. பொருந்தாத தம்பிக்கும், பொருந்தியும் சிகிச்சை பலிக்காத அக்காவுக்கும் நேரும் மன வேதனையை எந்த மருத்துவக் குறிப்பேட்டிலும் காண முடியாது.

இந்தச் சுமையை நோயாளி பார்த்துக்கொண்டே இருக்கிறார். இதை நாம் மறந்துவிடுகிறோம். நான் பேசிப் பார்த்த நோயாளிகளில் பலர் வலியைவிட, மரண பயத்தைவிட, 'என்னால் இந்தக் குடும்பம் சிதைகிறதே' என்பதையே அதிகம் சொன்னார்கள். இது வெறும் மனக்குறையாக நின்றுவிடுவதில்லை. கீமோதெரபிக்குப் பின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் காய்ச்சல் வந்தால், அது அவசர நிலை. சில மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கக் கூடும். தன்னைச் சுமை என்று கருதும் நோயாளி, உறங்கும் மனைவியை எழுப்ப மனமின்றி, 'விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்' என்று படுத்திருக்கிறார். நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டியவர், குடும்பச் செலவை மிச்சப்படுத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறார். மனநிலை கெட்டால் சிகிச்சையும் கெடும் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் தேவையில்லை.

குடும்பங்களும் தம் பங்குக்கு மௌனத்தைக் கடைப்பிடிக்கின்றன. 'அவருக்குத் தெரிய வேண்டாம்' என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் அவர் உள்ளே வந்தார் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மைலோமா நோயுற்ற என் அத்தான், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். ஒவ்வொரு முறை மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதும் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று அக்கா மழுப்புவார். தெரியாத தொகை, தெரிந்த தொகையைவிடப் பெரிதாக அவர் மனத்தில் வளர்ந்தது. ஓராண்டுக்குப் பின் அக்கா ரசீதுகள் அனைத்தையும் அவரிடமே கொடுத்து, கணக்கை நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டார். காப்பீட்டு விண்ணப்பங்களையும் அவரே நிரப்பத் தொடங்கினார். நோய் குறையவில்லை, ஆனால் இரவில் உறங்கினார்.

நலம் விசாரிக்க வரும் உறவினர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்த நோயாளியின் அறையில் பத்துப் பேர் கூடுவது தொற்றுக்கு விடுக்கும் அழைப்பு. கைவைத்தியக் குறிப்புகளோடு வருவோர் ஒருபுறம். இந்நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சித் தம்ளரைத் தனியே வைப்போர் மறுபுறம். ரத்தப் புற்றுநோய் தொற்றுவதில்லை. ஆப்பிள் பையோடு வருவதைவிட, 'இன்றிரவு நான் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு' என்று சொல்பவரே அந்த வீட்டுக்குத் தேவை.

உறவினரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு சமுதாயம் மூன்றாண்டு சிகிச்சையை நடத்திவிட முடியாது. அரசின் பங்கு இங்கேதான் வருகிறது. உடனிருப்பவர் என்று ஒருவர் உண்டு என்பதை ரயில்வே துறை எப்போதோ உணர்ந்துவிட்டது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளியோடு செல்லும் துணைக்கும் கட்டணச் சலுகை தருகிறது. இ.எஸ்.ஐ. திட்டம், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் வரை வழங்குகிறது. ஆனால், அது நோயுற்ற தொழிலாளிக்கு மட்டுமே. அவருடைய குழந்தை நோயுற்றால் அவர் இழக்கும் ஊதியத்துக்கு ஈடு இல்லை. ஜவுளிக் கடைக் கணக்கருக்கும் தையல் தொழிலாளிக்கும் நீண்ட விடுப்பு என்பதே கிடையாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்க அது இடமளிக்கிறது. அதன் பட்டியலில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் என மூன்று ரத்த நோய்கள் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய் இல்லை. இந்தப் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய அரசின் அறிவிக்கை போதும். தீவிர சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு மட்டுமாவது ரத்தப் புற்றுநோயாளிகளை இதில் சேர்க்கலாம். மாநில அரசு அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் நோயாளி பெறும் ஒவ்வொரு சிகிச்சை நாளும் ஏற்கெனவே கணினியில் பதிவாகிறது. அதே பதிவைக் கொண்டு, உடனிருக்கும் ஒருவருக்கு அந்த நாளுக்கான குறைந்தபட்சக் கூலியை வங்கிக் கணக்கில் செலுத்த முடியும். தொகை தாயின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ செல்லட்டும்.