கள்ளி என்னும் பெயரும் இருவேறு செடி மரபுகளும்: மதுரைச் சமவெளியின் பயன்பாட்டு அறிவு

ஆய்வுச் சுருக்கம்

மதுரையைச் சூழ்ந்த வறண்ட சமவெளியில் ‘கள்ளி’ என்னும் பொதுப்பெயரால் வழங்கும் செடிகள் தாவரவியல் நோக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சங்க இலக்கியம் சுட்டும் பால்கள்ளி வேறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் உரைவிளக்கத்திலும் மொழிபெயர்ப்பிலும் கள ஆய்விலும் பிழைகள் நேர்கின்றன. மக்களின் பயன்பாட்டு அறிவு இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பேணி வந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கள்ளி, சப்பாத்திக்கள்ளி, பாலைத்திணை, கள்ளிப்பால், மரபு அறிவு, மதுரை.

முன்னுரை

மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்திற்கும் விருதுநகருக்கும் இடையே கள்ளிக்குடி என்னும் ஊர் உள்ளது. வைகை அணையால் நிலமிழந்த மக்களின் கதையைக் கூறும் வைரமுத்துவின் புதினம் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ எனப் பெயர் பெற்றது. அது 2003ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஊர்ப்பெயரிலும் இலக்கியத்திலும் இவ்வாறு நிலைபெற்ற கள்ளி எந்தச் செடி என்னும் வினா எளிதாகத் தோன்றினும், அதற்குரிய விடை ஒன்றன்று.

இரண்டு குடும்பங்கள்

சதுரக்கள்ளி (யூபோர்பியா ஆன்டிகோரம்), இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை யூபோர்பியேசி என்னும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தண்டை ஒடித்தால் வெண்பால் வடியும். சப்பாத்திக்கள்ளி (ஒபன்ஷியா டில்லினி) காக்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மடலை வெட்டினால் பால் வடிவதில்லை. வழவழப்பான நீர்மமே கசியும். மரங்களில் தொற்றி வளரும் ஒரு சிற்றினம் நீங்கலாகக் காக்டேசி குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்திற்கே உரியது. ஆகவே ஐரோப்பியரின் கடல்வழித் தொடர்புக்கு முன் சப்பாத்திக்கள்ளி தமிழகத்தில் இருந்திருக்க இயலாது.

வறட்சியைத் தாங்கும் பொருட்டு இரு குடும்பங்களும் தனித்தனியே ஒத்த உருவத்தை அடைந்தன. இலை குறைந்து, தண்டு பசுமையுற்றுச் சதைப்பற்றுடன் நீரைச் சேமித்தது. இந்தப் புறத்தோற்ற ஒற்றுமையே பொதுப்பெயருக்குக் காரணமாயிற்று.

சங்க இலக்கியக் கள்ளி

குறுந்தொகையின் 16ஆம் பாடலில் தலைவன் கடந்து சென்ற கள்ளிக்காட்டில் பல்லி தன் துணையை அழைக்கிறது. புறநானூற்றின் 245ஆம் பாடலில், சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவிக்கு ஈமம் அமைந்த களர்நிலத்தைக் கள்ளி வளர்ந்த இடமாகக் காட்டுகிறார். பாலைக்கும் புறங்காட்டுக்கும் உரிய அடையாளமாகக் கள்ளி அமைகிறது.

அச்செடி எது என்பதற்கு வலுவான அகச்சான்று குறுந்தொகையின் 174ஆம் பாடலில் உள்ளது. வெண்பூதியார் பாடிய அப்பாடலில் கள்ளியின் முள் கவைத்ததாகக் கூறப்படுகிறது. அதன் காய் வெடிக்கும் ஒலி கேட்டுத் துணையுடன் இருந்த புறாக்கள் அஞ்சி விலகுகின்றன. இவ்விரு குறிப்புகளும் தாவரவியல் அடிப்படையில் கருதத்தக்கவை. சதுரக்கள்ளியின் முட்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்பவை. அதன் காய் முற்றி உலர்ந்ததும் வெடித்து விதையைச் சிதறும். சப்பாத்திக்கள்ளியின் முட்களோ கொத்துக் கொத்தாக அமைபவை. அதன் கனி சதைப்பற்றுடையது, வெடிக்காதது. எனவே சங்கப்புலவர் கண்டது பால்கள்ளியே என்பது உறுதியாகிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இது ‘கேக்டஸ்’ எனப் பெயர்க்கப்படுவது பொருந்தாது. அவ்வாறு பெயர்க்கும்போது காய் வெடிக்கும் காட்சி பொருளற்றதாகிவிடுகிறது.

சப்பாத்திக்கள்ளியின் வருகை

புதிய செடிக்கு மக்கள் இட்ட பெயரே அதன் வரலாற்றைக் குறிப்பாக உணர்த்துகிறது. காலணியைக் குறிக்கும் ‘சப்பாத்து’ போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். காலணியின் அடிப்பகுதி போன்று தட்டையான மடலைக் கொண்டதால் இப்பெயர் அமைந்தது எனக் கருதலாம். இதனைக் கோதுமைச் சப்பாத்தியோடு தொடர்புபடுத்துவது பிற்கால ஒலியொப்புமையால் எழுந்த விளக்கமாகும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்செடியினத்தின் மீது கிழக்கிந்தியக் கம்பெனியின் கவனம் திரும்பியது. இவ்வினச் செடிகளில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைத்தது. சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கெனக் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி உயர்தரச் சாயப்பூச்சி அன்று, அதன் உறவினமே. அது சாயத்திற்கு உதவாமல், தான் வாழ்ந்த கள்ளி வகையையே அழித்தது. செடியை ஒழிக்கும் அதன் ஆற்றலை உணர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் அதனைத் தென்னிந்தியாவிலும் பின்னர் இலங்கையிலும் பரப்பினர். எனினும் அப்பூச்சி குறிப்பிட்ட ஒரு கள்ளி வகையை மட்டுமே உண்டது. டில்லினி வகை விளைநிலங்களிலும் மேய்ச்சல் வெளிகளிலும் தொடர்ந்து பெருகியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்ட பின்னரே அதன் பரவல் அடங்கியது. இன்று கண்மாய்க் கரைகளிலும் தரிசு ஓரங்களிலும் காணப்படுவது அந்தப் பரவலின் எச்சமாகும்.

பயன்பாட்டு அறிவு

பால்கள்ளியின் முதன்மைப் பயன் வேலியாகும். கொம்பை ஒடித்து நட்டால் நீரின்றியும் வேர்பிடிக்கும். பாலின் காரத்தால் ஆடு மாடுகள் அதனைக் கடிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் கள்ளிப்பால் பேதி மருந்துகளில் இடம்பெறினும், அது முறையான சுத்திக்குப் பின்னரே கையாளப்படுகிறது. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் விதிகள் சதுரக்கள்ளி, கொடிக்கள்ளி, மான்செவிக்கள்ளி ஆகியவற்றைச் சித்த மருத்துவத்தின் நச்சுப்பொருள் பட்டியலில் சேர்த்துள்ளன; மூன்றும் பால்கள்ளிகளே. பால் கண்ணில் பட்டால் கருவிழி பழுதுறும் என்பதை மருத்துவ இலக்கியம் பதிவு செய்துள்ளது. 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் வெளிச்சத்திற்கு வந்தபோது ‘கள்ளிப்பால்’ என்னும் சொல் அக்கொடுமையின் குறியீடாகவே மாறியது.

சப்பாத்திக்கள்ளியோ உணவாகும் செடி. பழுத்துச் சிவந்த கனியை ஆடு மேய்ப்போரும் சிறாரும் கவைக்குச்சியால் பறித்து, மணலிலோ கல்லிலோ தேய்த்துச் சுணையை நீக்குவர். பின்னர்க் கனியைப் பிளந்து, உள்ளிருக்கும் நட்சத்திர வடிவ முள்ளை எடுத்தெறிந்துவிட்டே உண்பர். நாவில் படியும் கருஞ்சிவப்பு நிறம் பீட்டாசயனின் என்னும் நிறமியால் வருவது. மடலைத் தீயில் வாட்டி வீக்கத்தின்மீது கட்டுவதும் உண்டு.

இச்செடியினத்தின் தாயகத்திலும் இதனையொத்த அறிவைக் காணலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் வாழும் புவெப்லோ மக்கள் கள்ளிக்கனியின் சுணையைத் தேய்த்தும் தீயில் வாட்டியும் நீக்கி உண்டனர். பஞ்சக்காலத்தில் கள்ளித் தண்டின் இளங்கணுக்களையும் சுட்டுத் தின்றனர். அங்கு நெடுங்காலமாக வளர்ந்த அறிவுக்கு இணையானதை, செடி வந்துசேர்ந்த சில நூற்றாண்டுகளுக்குள் மதுரைச் சமவெளி மக்களும் உருவாக்கிக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

கள்ளிமுளையான் என்னும் மூன்றாவது செடியும் இங்கு நினைக்கத்தக்கது. புதரடி நிழலில் முளைக்கும் இது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரில் கள்ளி இருப்பினும் இதன் தண்டு பச்சையாகவும் துவையலாகவும் உண்ணப்படுகிறது.

ஆய்வு நெறிக்கான குறிப்புகள்

ஒரே பெயரின் கீழ் நஞ்சும் உணவும் அடங்கும் நிலையில், மக்களைக் காத்து வந்தது பெயரின் முன்னொட்டும் பால் உண்டா இல்லையா என்னும் சோதனையுமே ஆகும். ‘கள்ளி உடலுக்கு நல்லது’ என்பன போன்ற பொதுக்கூற்றுகள் முன்னொட்டின்றிப் பரவும் இக்காலத்தில் இப்பாதுகாப்பு தளர்கிறது. எனவே வழக்காறுகளைத் தொகுப்போர் முழு வட்டாரப் பெயர், பால் வடியும் தன்மை, முள் அமைந்த முறை, பயன்படும் உறுப்பு ஆகிய நான்கையும் தவறாது பதிவு செய்தல் வேண்டும். ‘கள்ளி’ என மட்டும் குறித்த பதிவு அறிவியலுக்கும் பயன்படாது. படிப்பவருக்கும் தீங்கு விளைவிக்கக்கூடும்.

முடிவுரை

சங்கப்பாடல்களின் கள்ளி பால்கள்ளியே என்பதை முள்ளின் அமைப்பும் காயின் வெடிப்பும் நிறுவுகின்றன. சப்பாத்திக்கள்ளி பிற்காலத்தில் வந்து அப்பெயரைப் பகிர்ந்துகொண்டது. பெயர் ஒன்றாயினும் பயன்பாட்டில் மக்கள் இவற்றைக் கலந்துவிடவில்லை. ஒன்றை வேலியாக நட்டுத் தள்ளி நின்றனர்; மற்றொன்றின் முள்நீக்கிக் கனியுண்டனர். இவ்வேறுபாட்டை உரைகளிலும் அகராதிகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் பதிவு செய்வது தமிழாய்வாளர் கடமையாகும்.