மூவர் நெருக்கிய இடைகழி

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி கிரிவலம் செல்லும் வாகனங்களுள் பல, தென்பெண்ணை ஆற்றைக் கடக்கும்போது திருக்கோவிலூரின் உயர்ந்த கோபுரத்தை எட்ட இருந்தே வணங்கிவிட்டு விரைந்து செல்கின்றன. இறங்கி அரை நாள் தங்குவோர் குறைவு. திவ்ய தேசமும் அட்ட வீரட்டத் தலமும் ஒரே ஊரில் அமைந்திருக்க, அதை வழியில் வரும் ஓர் ஊராக மட்டுமே கருதிக் கடந்து போவது பெரிய இழப்பே.

2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குப் பழம்பெருமை சேர்க்கும் தலங்களில் முதலாவதாகச் சொல்லத்தக்கது இவ்வூர்தான். நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டே. ஒன்று திருவஹீந்திரபுரம், மற்றொன்று திருக்கோவிலூர். இங்கே மூலவர் உலகளந்த பெருமாள், ஒரு திருவடியை வானோக்கித் தூக்கியபடி நெடிதுயர்ந்து நிற்கிறார். தாருவினால் ஆன திருமேனி. வழக்கத்துக்கு மாறாக வலக்கரத்தில் சங்கும் இடக்கரத்தில் சக்கரமும் திகழ்கின்றன. அர்ச்சகர் தீபத்தை மெல்ல உயர்த்திக் காட்டும்போது, திருவடி தொடங்கித் திருமுகம் வரை கண்கள் ஏறிச் செல்ல வேண்டும். அவசரமாகக் கும்பிட்டு நகர்வோருக்கு அந்தத் தரிசனம் பாதியே கிட்டும்.

ஆனால் வைணவ உலகம் இத்தலத்தை நெஞ்சில் வைத்துப் போற்றுவதற்குக் காரணம் ஒரு மழை இரவு. காற்றும் மழையும் வீசிய அவ்விரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய நடையில், ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்து இடம் தந்தார் முன்னவர். பின்னர்ப் பேயாழ்வாரும் வந்து சேர, மூவர் நிற்கலாம் என்று மூவருமே எழுந்து நின்றனர். அப்போது நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தனர். இருளில் யாரென்று காண, பொய்கையார் உலகையே அகலாக்கி விளக்கேற்றினார். பூதத்தார் அன்பை அகலாக்கினார். அவ்விரண்டு ஒளியில் பேயாழ்வார் திருமாலைக் கண்டார். முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதிகள் இவ்வாறு பிறந்தன என்பது குருபரம்பரை வரலாறு. வாசற்படியருகே நெருக்கி நின்றவர் என்பதால் பெருமாளுக்குத் தேஹளீசன் என்றும் திருநாமம். வேதாந்த தேசிகர் ‘தேஹளீச ஸ்துதி’ அருளியது இவர்மீதே. மூன்று ஆழ்வார்களின் திருநட்சத்திரங்களும் ஐப்பசியில் திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்து வருவது தனி அழகு.

ஊரின் மற்றொரு பகுதியான கீழையூரில், ஆற்றை ஒட்டி, வீரட்டேசுவரர் ஆலயம் உள்ளது. அந்தகாசுரனைச் சிவபெருமான் அடக்கிய தலம். சம்பந்தரும் அப்பரும் பாடியது. இங்குள்ள பெரியானைக் கணபதியை ஔவையார் வழிபட்டுக்கொண்டிருந்தபோது, கயிலைக்குப் புறப்பட்ட சுந்தரருக்கும் சேரமான் பெருமாளுக்கும் முன்பாகவே, கணபதி தம் துதிக்கையால் அவரைத் தூக்கிக் கயிலையில் சேர்த்தார் என்பர்.

மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊரும் இதுவே. திருநீறு பூசி, சிவனடியார் வேடத்தில் வந்த பகைவன் முத்தநாதன், ஆகமச் சுவடி என்று காட்டிய கட்டினுள் மறைத்திருந்த கத்தியால் அரசரைக் குத்தினான். ஓடிவந்த மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்க, வீழும் நிலையிலும் அரசர் தடுத்தார். குத்தியவனுக்கு ஊர்மக்களால் தீங்கு நேராமல் எல்லை கடத்திவிட்டு வருமாறு தத்தனுக்கே ஆணையிட்டார். தத்தன் திரும்பி வந்து, அவன் நலமாகப் போய்விட்டான் என்று சொல்லும் வரை உயிரைத் தாங்கியிருந்தார். கேட்பதற்கு எளிதான கதை அன்று. வேடத்துக்கு இத்தனை மதிப்பா என்று இளையோர் கேட்பர். அவரோ வேடதாரியைப் பார்க்கவில்லை, திருநீற்றையே பார்த்தார்.

ஆலயத்துக்கு அருகே ஆற்றுக்குள் நிற்கும் ஒற்றைப் பாறையைப் பலர் கவனிப்பதில்லை. அது கபிலர் குன்று. உச்சியில் சிறு கோயில். பறம்பின் வேந்தன் பாரி மாண்டபின், அவன் மகளிரைத் தம் மக்களாக ஏற்று அழைத்துச் சென்றவர் கபிலர். வீரட்டேசுவரர் ஆலயத்தில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்கிறது. வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது இலக்கிய வழி வந்த மரபு. அதே கல்வெட்டு ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியையும் போற்றுகிறது. அவர் இந்த மலையமான் குலத்தில் பிறந்தவர். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை நீர் பெருகித் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன. ஆற்றில் நீர் மிகுந்த நாட்களில் கரையிலிருந்தே குன்றை வணங்குவது உத்தமம்.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் செல்வோர் திருநாவலூரைத் தவறவிடலாகாது. சுந்தரர் அவதரித்த தலம். தந்தை சடையனார், தாய் இசைஞானியார், மகன் ஆகிய மூவருமே அறுபத்துமூவருள் இடம்பெற்ற குடும்பம் வேறில்லை. கூத்தாண்டவர் கோயில் கொண்ட கூவாகமும் இவ்வட்டாரத்தில்தான். சித்திரைப் பெருவிழாவில் திருநங்கையர் அரவானுக்கெனத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தேர் சென்றபின் அதை அறுத்து வெள்ளுடை பூணுகின்றனர். இதை வேடிக்கையாகப் படம் பிடிக்க வருவோர் சற்று ஒதுங்கி நிற்கலாம். களப்பலியான ஒருவனுக்காக ஆண்டுதோறும் மெய்யாகவே அழுபவர்கள் அவர்கள்.

கல்வராயன் மலைக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டும். கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்குச் சாலை ஏறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரைக் கண்டு பலர் நினைப்பதுபோல் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த தமிழ்ப்பெயர் அது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவும், கரியராமரே தங்கள் தெய்வம் என்றும் அவர்களிடையே வழங்கும் மரபு. ஜாகிர்தார்களின் ஆட்சி இம்மலையில் 1976 வரை நீடித்தது. மேகம், பெரியார் அருவிகள் மழைக்காலத்தை ஒட்டியே பொலிவுறும். கோடையில் சென்று பாறையைப் பார்த்துத் திரும்புவோர் உண்டு.

கோயில்களில் நண்பகலில் நடை சாத்துவது வழக்கம். ஆகவே காலையில் பெருமாளையும் வீரட்டேசுவரரையும் சேவித்துவிட்டு, பிற்பகலில் திருநாவலூர் செல்வது ஏற்றது. மலையேறுவோர் உணவும் குடிநீரும் கையோடு கொண்டுபோய், குப்பையையும் கையோடு கொண்டுவர வேண்டும். வளைவுகள் மிகுந்த பாதையாதலால் இருட்டுமுன் கீழே இறங்கிவிடுவது நல்லது.