ஆய்வுக் கருத்தரங்கு நடத்த நிதி: நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் வழி



கல்வி உதவித்தொகை பற்றி இந்த மடலில் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்முறை எழுதுவது அடுத்த படியில் நிற்கும் பிள்ளைகளுக்காக. நம் குடும்பங்களிலிருந்து முனைவர் பட்டம் முடித்து, கல்லூரிகளில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்திருக்கும் ஆண்களும் பெண்களும் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். "கருத்தரங்கு நடத்தப் பணம் கிடைக்கும் என்கிறார்களே, அது யாருக்குக் கிடைக்கும்?" என்று அவர்களில் சிலர் நம் அலுவலகத்தில் வந்து கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, பதினைந்து பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் கட்டுரை வாசித்துவிட்டு பிரியாணி சாப்பிட்டுக் கலைவதும் கருத்தரங்கு என்றே அழைக்கப்படுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கூட்டு ஆய்வுக் கருத்தரங்கு என்பது வேறு. ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் பலமுறை கூடி உட்கார்ந்து வேலை செய்வது அது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டானன்பாம் என்ற பேராசிரியர் 1945-ல் தொடங்கிவைத்த கருத்தரங்குகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒரு குழு மாதம்தோறும் கூடும், ஆண்டுக்கணக்கில் தொடரும். மற்றப் பல்கலைக்கழகத்தாரும், பேராசிரியர் அல்லாத, அந்த விஷயத்தில் அனுபவமுள்ள வெளியாட்களும் சமமாக உட்காரலாம். நமக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். காரணம் கீழே வருகிறது.

நம்மைப் போன்ற ஊர்களுக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று கேட்கலாம். நம் வீட்டு அலமாரிகளைத் திறந்தாலே போதும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய கிதாபுகள் எத்தனை குடும்பங்களில் இருக்கின்றன! அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ங, ஞ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் உண்டாக்கிய எழுத்துமுறை அது. அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் சொல்கிறோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எழுதிய நூல்களும், இலங்கையின் பேருவளை ஷெய்கு முஸ்தஃபா எழுதிய குர்ஆன் விரிவுரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த எழுத்தில் உருவானவை. அப்போது உம்மம்மாமார் சரளமாக வாசித்தார்கள். இன்று வாசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்கள்தான். அவர்களுக்குப் பிறகு அந்த ஏடுகள் வீட்டில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

இந்த வேலையைத் தனியாக ஒருவர் செய்ய முடியாது. அரபி தெரிந்த ஆலிமுக்குத் தமிழ் இலக்கணம் வராமல் இருக்கலாம். தமிழ்ப் பேராசிரியருக்கு அரபு எழுத்து தெரியாது. வரலாறு படித்தவர் காலத்தைக் கணிப்பார், ஆனால் கரையான் அரித்த தாளை எப்படித் தொடுவது என்பது சுவடிப் பாதுகாப்பு படித்தவருக்கே தெரியும். இவர்கள் அத்தனை பேரையும், வாசிக்கத் தெரிந்த ஒரு முதிய உம்மாவையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் கூட்டு ஆய்வு. இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் போன்றவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்திய பிறகு, அடுத்து நடக்க வேண்டிய வேலை இதுவே என்பது நம் எண்ணம்.

இனி விண்ணப்பம். சமூகவியல் ஆய்வுகளுக்கு 1969-ல் நிறுவப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும், வரலாற்று ஆய்வுகளுக்கு 1972-ல் நிறுவப்பட்ட இந்திய வரலாற்று ஆய்வுக் கழகமும் கருத்தரங்குகளுக்கு நிதி தருகின்றன. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் நிதியிலிருந்தே ஆசிரியர்களுக்குத் தருவதுண்டு. விதிகளும் தொகையும் கடைசித் தேதியும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பை முழுவதும் படித்துவிட்டே எழுத உட்கார வேண்டும். கல்லூரி ஆசிரியர் என்றால் முதல்வர் வழியாக அனுப்புவதே முறை. பணம் நடத்துபவரின் சொந்தக் கணக்கிற்கு வராது, நிறுவனத்தின் கணக்கிற்கே வரும். ஆகவே முதல்வரிடமும் கணக்குப் பிரிவிலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கையொப்பத்திற்காகக் கடைசி நாளில் அலைவதைப் பார்த்திருக்கிறோம்.

விண்ணப்பத்தின் உயிர் கேள்வியில் இருக்கிறது. "இஸ்லாமியத் தமிழின் பெருமை" என்று தலைப்பிட்டால், பரிசீலிப்பவர் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பார். "1850-க்கும் 1920-க்கும் இடையில் நம் கடற்கரை ஊர்ப் பெண்கள் எந்தெந்த அரபுத்தமிழ் நூல்களை வாசித்தார்கள், அவை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின?" என்று கேட்டால் அது ஆய்வு. பெருமை தானாக வரும். அடுத்து, இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை நேர்மையாக எழுத வேண்டும். முன்னோடிகளின் பெயரை விட்டுவிட்டு "இதுவே முதல் முயற்சி" என்று எழுதுபவரைப் பரிசீலனைக் குழு எளிதில் நம்பாது. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் ஏன் தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். அவர்களின் சம்மதக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் கையில் என்ன மிஞ்சும் என்பதும் முக்கியம்: ஒரு நூற்பட்டியலா, படமெடுத்த ஏடுகளா, கட்டுரைத் தொகுப்பா?

செலவுத் திட்டத்தில் பயணம், தங்குமிடம், உணவு, படமெடுப்பு, அச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றும் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று காட்டுங்கள். நினைவுப் பரிசுக்கும் விளம்பரப் பலகைக்கும் பெரிய தொகை எழுதினால் மொத்த விண்ணப்பமே லேசாகிவிடும்.

பணம் பெரும்பாலும் தவணைகளில் வரும். கணக்குக் கொடுத்த பிறகே மீதி. மத்திய அரசு நிதி என்றால் ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். செலவாகாத தொகையையும், அதற்குக் கிடைத்த வங்கி வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஆட்டோ ரசீது முதல் எல்லாவற்றையும் அன்றன்றே கோப்பில் சேர்ப்பவருக்கு இது சிரமமில்லை. கணக்குக் கொடுக்காதவருக்கு அடுத்த கதவு திறக்காது, அவருடைய கல்லூரிக்கும் சேர்த்துத்தான்.

முதல்முறை கிடைக்காமல் போகலாம். குறிப்பு அனுப்பியிருந்தால் அதைப் பார்த்துத் திருத்தி மறுபடியும் அனுப்புங்கள். இயக்குநராகப் பெயர் போடுபவர் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் தயங்க வேண்டாம். தகுதி விதி அனுமதித்தால் இளையவர் பொறுப்பேற்கட்டும், மூத்தவர் ஆலோசகராக இருக்கட்டும். வீட்டுக்கு வீடு ஏடு கேட்டுப் போகும்போது நம் பெண் விரிவுரையாளர்களால் உள்ளே போய் உம்மாமார்களோடு உட்கார்ந்து பேச முடியும். அந்த வாய்ப்பு ஆண்களுக்கு இல்லை.

அறக்கட்டளை செய்யக்கூடியது இது: கூடும் இடமும், வெளியூரார் தங்க அறையும் தருவோம். கல்லூரி கேட்டால் ஒத்துழைப்புக் கடிதம் தருவோம். ஜகாத் கணக்கிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம், பொது நன்கொடையிலிருந்து மட்டுமே.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் பழைய கிதாபு இருந்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் காட்டுங்கள். எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். மூல ஏட்டை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டவும் வேண்டாம்.