காரில் "கர... கர..." சத்தமா? பிரேக் தேய்கிறது, உஷார்!

அனுப்பர்பாளையத்தில் காதுக்கு ஓய்வு கிடையாது.

திருப்பூரிலிருந்து அவினாசி போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். பட்டறைகளில் தகட்டைத் தட்டும் ஓசை ஒரு பக்கம். பாலீஷ் போடும் ஓசை இன்னொரு பக்கம்.

குடம் வாங்க வரும் பெண்கள் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். "கணீர்" என்றால் நல்ல குடம். ஓசை செத்திருந்தால் எங்கோ கீறல்!

இந்தக் காதைக் காருக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் "கர... கர..." என்று இரும்பை அரைப்பது போலச் சத்தம் வருகிறது. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் இருந்து விடுகிறார்கள். அந்த ஒரு மாதம்தான் ஆபத்து!

சூடு எங்கே போகிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் இரண்டு பேட்கள் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். காரின் வேகம் முழுவதும் அங்கே சூடாக மாறும்.

1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை நிறுத்தும்போது உண்டாகும் சூட்டைக் கொண்டு 1 லிட்டர் தண்ணீரை 30 டிகிரிக்கு மேல் சூடேற்றலாம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு!

இத்தனை சூட்டையும் உரசலையும் தாங்குவதற்காகவே பேட் தேய்கிறது. தேய்வதுதான் அதன் வேலை.

செருப்புத் தைப்பவர் செய்த உதவி

இந்த வித்தை ஒரு பெண்ணின் யோசனையில் பிறந்தது. 1888-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை, அவருக்குத் தெரியாமல் வெளியே எடுத்தார். இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். திருப்பூரிலிருந்து ஊட்டி போவது போல!

வழியில் மேடு பள்ளம். மரக்கட்டை பிரேக் தேய்ந்து போயிற்று. அம்மையார் கலங்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். தேய்ந்தால் தோலை மட்டும் மாற்றினால் போதும் அல்லவா?

பிறகு 1897-ல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக் பட்டை செய்யத் தொடங்கினார். பருத்திப் பட்டையில் தார் போன்ற பசையை ஏற்றினார்! பனியன் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

முதலில் கீச்சு, பிறகு கரகர

புது பேட் சுமார் 10 மில்லி மீட்டர் கனம் இருக்கும். 3 மில்லி மீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். பல கார்களில் பேட்டோடு ஒரு சிறு எஃகுத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி "கீச்" என்று கத்தும். கத்துவதற்கென்றே வைத்த தகடு அது!

அதைக் கேட்டும் கேளாதவர் போல இருந்தால் அடுத்த கட்டம் "கரகர". மருந்து முழுவதும் தேய்ந்து, பின்னால் உள்ள இரும்புத் தகடே டிஸ்க்கை அரைக்கிறது என்று அர்த்தம். கார் நிற்கும் தூரம் கூடும். பேட் செலவோடு போக வேண்டியது டிஸ்க் செலவாகவும் வளரும்.

வெளியே தெரியும் பேட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காலிப்பரின் பின் இறுகிவிட்டால் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து தீர்ந்துவிடும். வெளிப்பக்கம் புதுசு போலவே இருக்கும். சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

எல்லாச் சத்தமும் பேட் அல்ல. இரவெல்லாம் மழையில் நின்ற காரில் டிஸ்க் மேல் துரு படிந்திருக்கும். நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் ஓசை போய்விடும். சிறு கல் மாட்டினாலும் கரகரக்கும். பிரேக்கைத் தொடாமலே "ஊ..." என்று முனகி, வேகத்தோடு கூடினால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள காரில், டிரம்மைக் கழற்றி ஷூவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மலையில் கவனம்

பொள்ளாச்சிப் பக்கம் வால்பாறை மலைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். தேய்ந்த பேட்டோடு இறங்குவது விளையாட்டல்ல. இறங்கும்போது சின்ன கியரில் வர வேண்டும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணலாகும், விரிசலும் விடலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஒரு சக்கரத்துக்கு மட்டும் பேட் மாற்றினால் கார் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வரி விழுந்த டிஸ்க்கை லேத்தில் கடையலாம். ஆனால் டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் புதிதுதான் போட வேண்டும்.

பிரேக் தூளை வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் விரட்டக் கூடாது. பழைய பேட்களில் கல்நார் சேர்ப்பார்கள். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

வேலை முடிந்ததும் காரை உடனே நகர்த்தக் கூடாது! பெடலைப் பல தடவை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். மிதிக்காமல் எடுத்தால் முதல் பிரேக் பிடிக்காது. எதிர்ச் சுவர்தான் காரை நிறுத்தும்!

புது பேட் டிஸ்க்கோடு படிய 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை திடீர் பிரேக் கூடாது. வால்பாறைப் பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.