பனிநாட்டுச் சொற்களஞ்சியம்

உலகின் மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து. அதன் பெரும்பகுதி பனிப்பாளத்தால் மூடப்பட்டது. கடற்கரையை ஒட்டிய நிலப்பகுதியிலேயே மக்கள் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் இனுயிட் இனத்தவர். 'இனுயிட்' என்னும் சொல்லுக்கு 'மக்கள்' என்பதே பொருள். கடல்நாயையும் திமிங்கிலத்தையும் வேட்டையாடி வாழ்ந்த இம்மக்களின் கதைகளும் பாடல்களும் நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கி வந்தன. அவர்தம் மொழியை எழுத்தில் நிலைபெறச் செய்த நூல்களுள் சிறந்த ஒன்று, 1871 ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் வெளிவந்த கிரீன்லாந்து-டேனிய அகராதி. அதனை உருவாக்கியவர் சாமுவேல் கிளைன்சுமிட் என்னும் அறிஞர்.

அவருக்கு முன்னரும் இம்முயற்சியில் ஈடுபட்டோர் உண்டு. 1721 ஆம் ஆண்டில் ஹான்ஸ் எகெடே என்னும் சமயகுரு தம் குடும்பத்துடன் கிரீன்லாந்தில் குடியேறினார். அவருடைய மகன் பவுல், அந்நாட்டுச் சிறுவர்களோடு விளையாடி அவர்கள் மொழியைக் கற்றார். பின்னர் 1750 இல் டேனிய மொழியிலும் இலத்தீனிலும் பொருள் கூறும் அகராதி ஒன்றை வெளியிட்டார். 1804 இல் ஓட்டோ பாப்ரீசியசு மற்றோர் அகராதியை வழங்கினார். எனினும், எழுத்துமுறை செம்மையாக வரையறுக்கப்படவில்லை. வெவ்வேறு ஒலிகள் ஒரே எழுத்தால் குறிக்கப்பட்டமையால் கற்போர் இடர்ப்பட்டனர்.

கிளைன்சுமிட் 1814 இல் தென் கிரீன்லாந்தில் சமயத் தொண்டர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே கல்வியின்பொருட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1841 இல் தாம் பிறந்த நாட்டிற்கே திரும்பினார். மக்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டு ஆராய்ந்து, 1851 இல் ஓர் இலக்கண நூலைப் பெர்லின் நகரில் வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் பலர், எம்மொழியையும் இலத்தீன் இலக்கணத்தின் அச்சிலேயே வார்க்க முயன்றனர். அவரோ, அம்மொழியின் இயல்பு யாதோ அதனையே இலக்கணமாக எழுதினார். தொண்டையை ஒட்டிப் பிறக்கும் ஒருவகைக் ககர ஒலிக்குத் தனி எழுத்தும் வகுத்தார். சிறிய அச்சுப்பொறி ஒன்றை நிறுவி, புவியியல், விலங்கியல் முதலிய துறைகளில் அம்மொழியிலேயே பாடநூல்களை எழுதி அச்சிட்டார்.

அகராதி தொகுப்பது எம்மொழியிலும் எளிதன்று. இம்மொழியிலோ மிக அரிது. ஒரு சொல்லின் பகுதியோடு பல உறுப்புகள் அடுத்தடுத்து இணைந்து, ஒரே சொல் ஒரு வாக்கியமாக நிற்கும். 'இல்லு' என்றால் வீடு. 'இல்லொர்சுவாலியொர்னியார்பொக்' என்றால், 'அவர் பெரிய வீடு ஒன்று கட்டக் கருதுகிறார்' என்று பொருள். பெருமை, கட்டுதல், கருதுதல், செய்பவர் ஆகிய அனைத்தும் 'இல்லு' என்னும் பகுதியைத் தொடர்ந்து வரும் உறுப்புகளால் உணர்த்தப்படுகின்றன. இவ்வாறு உண்டாகும் சொற்களையெல்லாம் தொகுக்கப் புகுந்தால் அகராதிக்கு முடிவே இராது. ஆதலின், இத்தகைய மொழியின் அகராதி பகுதிகளையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். சொற்கள் இணையும் முறையை இலக்கணம் உரைக்கும். ஆயினும், 'வீடுகள் உள்ள இடம்' என விரியும் 'இல்லொகார்பிக்' என்னும் சொல் 'நகரம்' என்று சிறப்புப் பொருள் தருகிறது. இத்தகைய சொற்களை அகராதி தனியே விளக்குதல் வேண்டும்.

இனுயிட் மக்களிடம் பனியைக் குறிக்க எண்ணற்ற சொற்கள் உள்ளன என்று பலர் வியந்து கூறுவர். வீழும் பனியைக் 'கனிக்' என்றும், நிலத்தில் படிந்த பனியை 'அபுட்' என்றும் கிரீன்லாந்து மொழி வேறுபடுத்துவது உண்மையே. ஆனால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கணக்கற்ற சொற்கள் பிறக்கும் ஒரு மொழியில், பனிக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் படகுக்குங்கூடச் சொற்களை எண்ணி முடித்தல் இயலாது. சொற்களின் தொகையிலன்று, அவற்றை ஆக்கும் ஆற்றலிலேயே அம்மொழியின் சிறப்பு உள்ளது.

கிளைன்சுமிட் வகுத்த எழுத்துமுறை மேற்குக் கிரீன்லாந்தின் வழக்கை அடிப்படையாகக் கொண்டது. 1861 முதல் அம்மொழியிலேயே செய்தித்தாள் ஒன்று வெளிவந்தது. மேற்கு வழக்கே பள்ளிக்கும் நூலுக்கும் உரிய மொழியாயிற்று. கிழக்கிலும் வடகோடியிலும் வாழ்வோர், வீட்டில் ஒரு வழக்கும் ஏட்டில் மற்றொரு வழக்குமாகப் பயில வேண்டியதாயிற்று. காலப்போக்கில் மக்களின் ஒலிப்பு மாறியமையால், 1973 இல் அவ்வெழுத்துமுறையும் திருத்தப்பட்டது.

1953 இல் கிரீன்லாந்து டென்மார்க்கின் ஒரு பகுதியாக்கப்பட்ட பின்னர், பள்ளிகளில் டேனிய மொழியின் செல்வாக்கு ஓங்கியது. தாய்மொழி பின்தங்குமோ என்று மக்கள் கவலையுற்றனர். எனினும், அது அழிந்துபடவில்லை. 1979 இல் தன்னாட்சி கிடைத்தபோது அது முதன்மை மொழியாயிற்று. 2009 இல் ஆட்சிமொழியாக அரியணை ஏறியது. ஒரு மொழியைக் காப்பவர் அதனைப் பேசும் மக்களே. அகராதி தானே மொழியைக் காத்துவிடாது. ஆனால், இலக்கணமும் அகராதியும் பாடநூல்களும் முன்னரே அமைந்திருந்தமையால், பள்ளியிலும் ஆட்சியிலும் புகுந்த நாளில் அம்மொழி வெறுங்கையோடு நிற்கவில்லை.

கிளைன்சுமிட் தம் பிற்காலத்தில், இன்று நூக் எனப்படும் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றினார். இருள் மிகுந்த குளிர்கால நாட்களில், அவர் கையில் விளக்கேந்திப் பள்ளிக்கு நடந்து செல்வார். வழியிடையே ஒரு கம்பத்தில் அவ்விளக்கை மாட்டிவிட்டுச் செல்வாராம். திரும்பும்போது அதன் ஒளி அவருக்கு வழிகாட்டும். 1886 இல் அவர் மறைந்தார். அவர் மாட்டி வைத்த சொல்விளக்கு, ஒரு மக்களினம் தன் தாய்மொழிக்குத் திரும்பும் பாதையில் ஒளி தந்து நின்றது.