தூண்டிலும் துவிசக்கர வண்டியும்

மனிதனுடைய பொறுமையைச் சோதிக்கும் காரியங்கள் உலகத்தில் பல உண்டு. கடற்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு மீனுக்காகக் காத்திருப்பது அவற்றுள் ஒன்று. பஞ்சரான சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு வீடு திரும்புவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே நாளில் அனுபவிக்கும் பாக்கியம் நம்மவரில் சிலருக்குக் கிட்டிவிடுகிறது. நேயர்களுக்கு அந்தப் பாக்கியம் வராமல் தடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன் என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த பக்கத்தைப் புரட்ட எண்ணும் சைவ அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். மீன் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் கட்டுச்சாத மூட்டையை வைத்துக்கொண்டால், இங்கே சொல்லப்போகும் யோசனைகளில் பெரும்பகுதி அவர்களுக்கும் பயன்படும்.

வண்டி எது?

கடற்கரைப் பிரயாணத்துக்கென்று பருத்த டயரும் பல பற்சக்கரங்களும் உள்ள விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். வேண்டியதே இல்லை. தாழ்வாரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் பழைய கறுப்புச் சைக்கிளே போதும்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டார்லி 1885-ல் இன்றைய உருவத்தில் சைக்கிளைச் செய்தார். 1888-ல் பெல்பாஸ்டில் டன்லப் அதற்குக் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். பிறகு நெடுங்காலம் நம் பணம் கப்பலேறிப் போக, சைக்கிள் கப்பலேறி வந்தது. 1949-ல் சென்னைக்கு அருகே அம்பத்தூரிலும், 1951-ல் ஸோனிபட்டிலும், 1956-ல் லூதியானாவிலும் தொழிற்சாலைகள் எழுந்த பின்னர், நம் நாட்டுக் கரங்கள் செய்த வண்டிகள் நம் கிராமத்துச் சாலைகளில் ஓடின.

அந்தக் கறுப்பு வண்டியின் சக்கரங்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32 கம்பிகள். பின் சக்கரத்தில் 40. பாரமெல்லாம் பின்னால்தான் ஏறும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஒரு மனிதனையும், அவன் கருவிகளையும், அவன் பிடித்த மீனையும் சுமப்பதற்கு இதைவிடத் தகுந்த வாகனம் ஏது?

குருநாதர்

இந்தக் கலையைக் கற்பதற்குப் புத்தகம் தேட வேண்டாம். ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருவில் மீன் விற்று வந்த சைக்கிள்காரரே நமக்குக் குருநாதர். இப்பொழுது பல ஊர்களில் அவர் மோட்டார் பொருத்திய சிறு வண்டிக்கு மாறிவிட்டார். ஆயினும் அவர் கண்டுபிடித்த முறைகள் மாறவில்லை.

அவர் கேரியர் அகலமானது. இரும்புப் பட்டையால் பட்டறையில் அடித்தது. பெட்டி சக்கரத்துக்கு நேர் மேலே, கூடியமட்டும் தாழ்வாக, ஆசனத்தை ஒட்டி இருக்கும். கயிறு போட்டு அவர் கட்டுவதில்லை. கயிறு நனைந்தால் முடிச்சு அவிழ்க்க வராது, காய்ந்தால் தளரும். பழைய ட்யூபை நீளவாட்டில் கிழித்த ரப்பர்ப் பட்டையே அவருடைய கட்டுக்கயிறு. பள்ளத்தில் சக்கரம் விழுந்தாலும் அது பெட்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஹாண்டில் பாரில் கனமான பையை மாட்டுவது நம்மில் பலருக்கு வழக்கம். மீன்காரர் அதைச் செய்யவே மாட்டார். அங்கே தொங்கும் பாரம் ஆடும்போது முன் சக்கரமும் ஆடும். திருப்பத்தில் அது நம்மைக் கேளாமலே ஒரு பக்கம் இழுத்துவிடும்.

இனித் தூண்டில் கோலைக் கவனிப்போம். பத்துப் பன்னிரண்டு அடிக் கோல் இரண்டு துண்டாகக் கழலுமானால் ஒவ்வொன்றும் ஐந்தாறு அடி இருக்கும். அதைக் கொடிமரம்போல் நிமிர்த்தி வைத்தால் மரக்கிளையும் காற்றும் அதனுடன் வழக்காடும். ஆகையால் குறுக்குத் தண்டின் ஓரமாகப் படுக்கவைத்து, இரண்டு இடங்களில் ரப்பர்ப் பட்டையால் கட்ட வேண்டும். ஹாண்டில் திரும்புவதற்கு அது தடையாக இருக்கலாகாது. முனை பின்புறமாக நீளட்டும். அதில் ஒரு சிவப்புத் துணி பறக்கட்டும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பு. முட்களைத் தக்கையில் குத்தி மூடிய டப்பாவில் வைக்கவேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள். கைத்தூண்டில் போடுகிறவர்களுக்கோ இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. நைலான் நூல் சுற்றிய கட்டையும் ஈயக்குண்டும் சட்டைப் பையிலேயே அடங்கிவிடும்.

காற்றடிக்கும் பம்பு, ட்யூப் ஒட்டும் சாமான்கள், ஒரு திருகுசாவி, குறடு, கத்தி, குடிதண்ணீர்—இவை கட்டாயம். கடற்கரைக் குப்பத்தில் இருட்டுமுன் சைக்கிள் கடையைத் தேடி அலைவதைவிட இவற்றைச் சுமப்பது எளிது.

உப்பு என்னும் சத்துரு

1930-ஆம் ஆண்டில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று, ஒரு பிடி உப்புக்காக நம் முன்னோர் சிறை புகுந்தார்கள். அத்தகைய பெருமை வாய்ந்த உப்பு, சைக்கிள் விஷயத்தில் மட்டும் கொடிய சத்துருவாக இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் வைத்துக்கொண்டு, துருப்பிடிப்பதை வெகு வேகமாக நடத்தி வைக்கிறது. கடல் தண்ணீர் வண்டியின்மேல் படவேண்டும் என்பதுகூட இல்லை. அலைச் சாரல் கலந்த காற்றே போதும்.

இதற்கு வைத்தியம் ஒன்றுதான்: திரும்பி வந்த அன்றைக்கே கழுவுதல். “நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று படுக்கிறவருடைய செயின் ஒரு பருவம் தாங்காது. ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு செம்பும் எடுத்துக்கொண்டு, மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால், அது சக்கரத்தின் அச்சுக்குள் புகுந்து உள்ளே இருக்கும் கிரீஸைக் கெடுத்துவிடும். துணியால் துடைத்து உலர்த்திய பிறகு செயினுக்கு மெஷின் எண்ணெய் விடுங்கள். சமையலறை எண்ணெய் வேண்டாம். நாளடைவில் அது பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷின் எண்ணெயும் மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் சாணைக்கல்தான்!

பலரும் மறக்கும் இடம் ஒன்றுண்டு. ஆசனத்தைத் தாங்கும் தண்டை வருஷத்தில் ஒரு முறையேனும் வெளியே எடுத்துக் கிரீஸ் தடவாவிட்டால், உப்புத் துரு அதைச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிடும். பிறகு அதைக் கழற்றச் சம்மட்டியும் சாமர்த்தியமும் சேர்ந்து வேண்டியிருக்கும்.

மணல்

ஒன்றரை அங்குல அகலமுள்ள டயர் உலர்ந்த மணலில் புதைந்தே தீரும். அங்கே பலாத்காரம் பயன்படாது. இறங்கி உருட்டுங்கள். ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அலையோரம் ஓட்டிச் சென்றால், சத்துருவின் பாசறைக்குள் நாமே நுழைந்தவர்களாவோம். ஓதம் ஏறும் கோட்டுக்கு மேலே, ஒரு பனை நிழலில் வண்டியை நிறுத்திவிடுவதே உத்தமம். ஸ்டாண்டின் கால் புதையாதிருக்க அதன்கீழ் ஒரு பலகைத் துண்டோ தென்னமட்டையோ வைக்க வேண்டும். விழுந்த சைக்கிளின் செயினிலிருந்து மணலை எடுப்பதைவிட இது சுலபம்.

பஞ்சாங்கமும் காற்றும்

எந்த நேரத்தில் புறப்படுவது என்பதற்கு நம் வீட்டுப் பஞ்சாங்கமே வழிகாட்டி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நாள்தோறும் ஏற்றம் சுமார் 50 நிமிஷம், அதாவது ஏறக்குறைய இரண்டு நாழிகை தாமதமாகும். இன்று காலை 6 மணிக்கு ஏற்றமானால் நாளை 7 மணிக்குச் சிறிது முன்னால் என்று கொள்ளலாம். ஓதம் புகுந்து வெளியேறும் முகத்துவாரங்களில் மடவையும் கொடுவாவும் நடமாடுவது இந்தக் கணக்கை அனுசரித்துத்தான்.

சோழ மண்டலக் கரையில் சைக்கிள்காரருக்கு இயற்கை இன்னொரு உபகாரமும் செய்கிறது. கோடையில் பெரும்பாலும் விடியற்காலையில் தரைக்காற்று கிழக்கு நோக்கி வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று மேற்கு நோக்கித் திரும்பும். உள்ளூரிலிருந்து கடலை நோக்கிப் புறப்படுகிறவர் போகும்போதும் வரும்போதும் காற்றையே தோழனாகப் பெறுகிறார்.

மீன் கெடாமல் வருவதெப்படி?

நிற்க. இதுவரை சொன்னதில் தவறினால் சைக்கிள் மட்டுமே கெடும். இனிச் சொல்லப்போவதில் தவறினால் குடும்பத்தாரின் தேக சௌக்கியமே கெடும்.

நம் வெயிலில் மீன் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குகிறது. கானாங்கெளுத்தி, சூரை முதலிய மீன்களைச் சூட்டில் வைத்திருந்தால் அவற்றில் ஒரு விஷப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் காணும். குழம்பில் புளியைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

ஆகவே ஐஸ் இன்றிப் புறப்படலாகாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் நாட்டு உஷ்ணத்துக்கேற்ற கணக்கு. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், 1842-ல் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி ஐஸைச் சேமிப்பதற்காகக் கட்டியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் புனிதம் பெற்ற இடம் அது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி மரத்தூளுக்கு நடுவே பூமியைச் சுற்றிக்கொண்டு கப்பலில் வந்து சேர்ந்தது என்றால், பத்து மைல் சைக்கிளில் அதைக் காப்பாற்ற நம்மால் முடியாதா? தெர்மோகோல் பெட்டியை ஒரு மூங்கில் கூடைக்குள் இறுக்கி வைத்து, மேலே நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தினால் போதும். மீனைப் பிடித்த உடனே குடலை நீக்கி, ஐஸுக்கு நடுவே வைக்க வேண்டும்.

உருகும் தண்ணீர் வழியப் பெட்டியின் அடியில் ஒரு துவாரம் வையுங்கள். அதில் ஒரு சிறு குழாயைச் செருகி, சைக்கிளின் இடப்பக்கமாக, சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி செய்யுங்கள். செயின் வலப்பக்கம் இருக்கிறது. மீன் தண்ணீர் அதன்மேல் படலாகாது. ரிம்மில் பட்டாலோ பிரேக் வழுக்கும். இந்தச் சிறு குழாய்க்கு ஆகும் செலவு அற்பம். அதனால் தப்பும் ஆபத்து பெரிது.

கரை யாருடையது?

கடைசியாக ஒரு வார்த்தை. நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் கரை, மீனவருக்கு வயல். கரைவலை இழுக்கும் இடத்தில் தூண்டில் போடுவது, ஒருவர் நாற்றங்காலில் சைக்கிள் ஓட்டுவதற்கு ஒப்பாகும். எங்கே நிற்கலாம் என்று அங்குள்ள பெரியவரை வணங்கிக் கேளுங்கள். எந்த இடத்தில் அலை காலை வாரும், எங்கே நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும் என்பதையும் அவரே சொல்லுவார். அந்தச் சொல் உயிர்காக்கும் சொல். தவறி இழுவையில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

அறுந்த நைலான் நூலை மணலில் எறியாதீர்கள், அது மட்குவதில்லை. தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் பங்குனி ஆமைகள் இதே கரையில் ஏறி முட்டையிடுகின்றன. இரவில் சைக்கிள் விளக்கை மணற்பக்கம் திருப்பினால், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி வழிதவறிப் போகும்.

எண்ணெய் மினுக்கும் செயினுடன், நல்ல மீனுடன், நூல் ஒரு முழங்கூட விட்டுவராமல் வீடு வந்து சேருகிறவரே தேர்ந்த தூண்டில்காரர். அன்றைக்கு மீனே அகப்படாவிட்டாலும் பாதகமில்லை. இருபது மைல் சைக்கிள் மிதித்தவருக்கு வெறும் ரசம் சாதமும் அமிர்தமாக இருக்கும் என்பதில் சைவரும் அசைவரும் ஒருமனப்படுவார்கள்.