படம் காட்டிய ராட்ரிகஸ், படம் விட்ட ராட்ரிகஸ்

2013-ல் ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றபோது, அந்தப் படத்தின் நாயகன் விழாவுக்குப் போகவில்லை. எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பெருமை தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று நினைத்தார் சிக்ஸ்டோ ராட்ரிகஸ்.

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குப் பிழைக்கவந்த குடும்பத்தில் 1942-ல் பிறந்தவர். நாட்டுப்புறக் கிட்டாரும் ராக் இசையும் கலந்து, நகரத்து ஏழ்மையையும் போதைப்பொருளையும் அதிகாரத்தையும் பாடினார். 1970-ல் ‘கோல்ட் ஃபேக்ட்’, 1971-ல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’. இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவில் விற்கவில்லை. அவற்றை வெளியிட்ட சசெக்ஸ் நிறுவனம் அவரைக் கைவிட்டது. கட்டடம் இடிக்கும் கூலி வேலைக்குப் போனார். இடையில் தத்துவம் படித்துப் பட்டமும் வாங்கினார்.

அதே பாடல்கள் தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒலித்தன. நிறவெறி ஆட்சியை வெறுத்த வெள்ளை இளைஞர்களுக்கு, அரசை எதிர்த்துப் பேசலாம் என்பதையே அவை கற்றுக்கொடுத்தன. அரசு வானொலியின் நூலகத்தில் இருந்த இசைத்தட்டில், ‘சுகர் மேன்’ பாட்டு ஓடக்கூடாது என்று அந்த இடத்தை மட்டும் கூரான பொருளால் கீறி வைத்திருந்ததைப் படத்தில் பார்க்கிறோம். ஆனால் பாடியவர் யார் என்று அங்கே எவருக்கும் தெரியாது. உலகம் அந்த நாட்டை ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. செய்தி போய்ச்சேர வழியில்லை. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்ற வதந்தியைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

கேப் டவுன் இசைத்தட்டுக் கடைக்காரர் ஸ்டீபன் செகர்மனும் பத்திரிகையாளர் கிரெய்க் பார்த்தலோமியூவும் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பாடலில் வந்த டியர்பார்ன் என்ற ஊர்ப்பெயர் துப்புக் கொடுத்தது; அது டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். 1997-ல் அவர் உயிரோடிருப்பது தெரிந்தது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்க மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன் நின்று பாடினார்.

ஸ்வீடன் இயக்குநர் மாலிக் பெண்ட்ஜெலூல் இந்தக் கதையைப் படத்தில் உருக்கமாகச் சொன்னார். பணம் தீர்ந்ததால் சில காட்சிகளைக் கைப்பேசியிலேயே எடுத்தார். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. ராட்ரிகஸ் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்திருக்கிறார். இரண்டாம் முறை மிட்நைட் ஆயில் இசைக்குழுவுடன். அதைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை இல்லை. முற்றிலும் மறக்கப்பட்டவர் என்ற கதைக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் கடல் தாண்டிப் போய்க் கைதட்டு வாங்கிவிட்டு, மறுபடி இடிபாடுகளைச் சுமக்கத் திரும்பிய மனிதர் அதைவிடப் பெரிய கதையில்லையா?

படம் வந்த 2012-லேயே டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார்; பழைய ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறியது. தென்னாப்பிரிக்காவில் விற்ற தட்டுகளின் பணம் யாரிடம் போனது என்ற கேள்வியைப் படம் எழுப்பியது. பின்னர் உரிமைத்தொகை விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. 2023 ஆகஸ்டில், 81 வயதில் ராட்ரிகஸ் காலமானார். மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பம் கடைசிவரை வரவில்லை.